கண்ணை மூடினா நெஞ்சு படபடங்குது. தியானம் எனக்கு ஆகாதுங்களா?

பனியன்கம்பெனிக்காரி (திருப்பூர்)

வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தவ, இன்னைக்குத்தான் எழுதறேன்.

எனக்கு 34 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், ஆர்டர் குடுக்கற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல நின்னு பாத்துக்கற வேலை. போன தை மாசம் ஷிப்மென்ட்டுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, 12,000 பீஸ்ல கழுத்து ரிப்பு ஷேடு மாறியிருக்குன்னு செக்கிங்ல நிறுத்திப்போட்டாங்க. டையிங்காரரு நூல் மேல பழி போடறாரு, நூல்காரரு டையிங் மேல பழி போடறாரு, பையருக்கு மெயில் போட வேண்டியது நானு. அன்னைக்குப் பொழுதோட அவிநாசி ரோட்டுல பஸ்ஸுல வரும்போது திடீர்னு நெஞ்சு அடிச்சுக்குச்சு. வெரலெல்லாம் மரத்துப்போச்சு, காது அடைச்சுக்குச்சு. செத்துப்போயிருவேன்னே நெனச்சேன். பக்கத்து சீட்டு அக்கா என்ற கையைப் புடிச்சுக்கிட்டு அனுப்பர்பாளையத்துல எறக்கி விட்டாங்க.

அப்பறம் மூணு வாட்டி ஈசிஜி. மூணு வாட்டியும் "ஒண்ணுமில்லம்மா". மனநல டாக்டர்தான் இது பேனிக் அட்டாக், திடீர்னு வர்ற பயத் தாக்குன்னு சொல்லி, ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதுனாரு. ஆறு வாரம் ஆச்சு. இப்ப தேவலைங்க. ஜன்னல் சீட்டு கெடைச்சா பஸ்ஸுல ஏற முடியுது.

வம்பு வீட்டுலதான். "இந்த மாத்திரையெல்லாம் பழகிட்டா ஆயுசுக்கும் விடாது, தியானம் பண்ணு, எல்லாம் சரியாப் போகும்"னு மாமியார்ல இருந்து ஒறம்பறைக்கு வர்றவங்க வரைக்கும் சொல்றாங்க. சரின்னு யூடியூப்ல ஒண்ணைப் போட்டுக் காலைல 5 மணிக்கு வீட்டு ஆசாரத்துல உக்காந்தேன். "உங்கள் மூச்சை மட்டும் கவனியுங்கள்"ங்குது அந்தக் குரல். கவனிச்சேன். மூணாவது நிமிசம் மூச்சு தானா வர்ற மாதிரியே தெரியலைங்க, நானே இழுத்து இழுத்து விட்டாத்தான் வரும்னு ஆயிப்போச்சு. நெஞ்சு அடிக்கறது காதுக்குள்ள கேக்குது. எந்திரிச்சுப் பொடக்காணிக்கு ஓடிப்போய் மூஞ்சில தண்ணி அடிச்சுக்கிட்டேன். ஒம்பது நாள் உக்காந்ததுல ஆறு நாள் இப்படித்தான்.

எல்லாருக்கும் நிம்மதி குடுக்கறது எனக்கு மட்டும் ஏனுங்க இப்படிப் பண்ணுது? மாத்திரையை விட்டாத்தான் தியானம் வேலை செய்யுமுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

---

சித்தர்வழி

சகோதரி, கவலை வேண்டாம். படபடப்பு வருவது உள்ளே சக்தி எழும்புவதற்கான அறிகுறி. பயந்து எழுந்து ஓடியதுதான் தவறு. மாத்திரை எல்லாம் ரசாயனம், அது மனதை மந்தமாக்கும். அதை விட்டுவிட்டு 48 நாள் பிரம்ம முகூர்த்தத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். கர்மா கழியும்.

---

சோமனூர் தறிக்காரன்

அம்மிணி, மொதல்ல ஒண்ணைச் சொல்லிப்போடறேன், மத்ததெல்லாம் பொறகு. மாத்திரையை நிறுத்தாதீங்க. மேல எழுதுனவரு மேல எனக்குக் கோவமில்லீங்க. இதே பேச்சைக் கேட்டுக் கெட்டவன் நானு, அதனால சொல்றேன்.

எனக்கு 58. சோமனூர்ப் பக்கத்துல ஒரு கிராமம். 16 தறி, கூலிக்கு நெசவு. கூலிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போன ஒரு வருசம், தறி நின்னு கெடந்துச்சு, பேங்குக்காரரு வீட்டுக்கு வந்துட்டுப் போறாரு, என்ற பொண்ணுக்கு வரன் தேடிட்டிருக்கோம். தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய் ஷெட்டுல நின்ன தறிக்கு நடுவுல உக்காந்துக்குவேன். சோறு எறங்காது. வேண்டாத ரோசனையெல்லாம் வந்துச்சு, அதுக்கு மேல இங்க எழுதல. என்ற சம்சாரந்தான் ஒரு நாள் வண்டில ஏத்திக் கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க வரிசைல எனக்கு முன்னால எங்கூரு ஆளே ஒருத்தரு நின்னாரு. ரெண்டு பேரும் பாக்காத மாதிரி நின்னுக்கிட்டோம். இப்ப நெனச்சா சிரிப்பு வருது.

மாத்திரை சாப்பிட்டு மூணு வாரம் ஒண்ணும் தெரீல. நாலாவது வாரத்துல ஒரு நாள் விடிஞ்சதே தெரியாமத் தூங்கியிருந்தேன். அப்பத்தான் பங்காளி ஒருத்தரு வந்து உங்களுக்குச் சொன்ன அதே பாட்டைப் பாடுனாரு. நானும் ஒரே நாள்ல நிறுத்திப்போட்டேன். மூணாம் நாள் தலை கிறுகிறுங்குது, மண்டைக்குள்ள கரண்டு ஷாக்கு வச்ச மாதிரி சுருக்குச் சுருக்குங்குது, சும்மா இருக்கறப்பவே அழுகை. திரும்பப் போனா டாக்டரு திட்டுவாருன்னு பாத்தேன். திட்டலை. "நிறுத்தற காலம் வரும், அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும், அதை நான் சொல்றப்ப பண்ணலாம்"னாரு. பொறகு ஒரு வருசத்துக்கு மேல சாப்பிட்டு, அவரு சொன்ன மாதிரிக் கொறைச்சு நிறுத்தினேன்.

இனித் தியானத்துக்கு வர்றேன். நான் அதுக்கு எதிரி இல்லீங்க. அதைப் புடிச்சுத்தான் நின்னவன்.

நம்ம பக்கம் வேதாத்திரி மகரிஷி வழில தியானமும் உடற்பயிற்சியும் சொல்லிக் குடுக்கற மனவளக்கலை மன்றத்துக்குப் பஞ்சமில்லை. அவரோட ஆசிரமம் இருக்கற ஆழியாறு பக்கத்துலயே இருக்கு பாருங்க. மகரிஷி 1911ல கூடுவாஞ்சேரில நெசவுக் குடும்பத்துல பொறந்தவரு, தறி ஓட்டிப் பொழைச்சவரு. தறிக்காரனுக்குத் தறிக்காரன்னு ஒரு புடிமானம் எனக்கு. போனா, மொதல் நாளே கண்ணை மூடுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லலை. கையை ஆட்டு, காலை நீட்டு, கண்ணைச் சுத்து, மகராசனத்துல படுன்னு உடம்பைத்தான் போட்டுப் பிசைஞ்சாங்க. அதுக்குப் பொறகுதான் புருவ மத்தில தொட்டு, அங்கயே நெனப்பை வைக்கற ஆக்கினை தவம் சொல்லிக் குடுத்தாங்க.

ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு. எனக்குப் பேராசை. பதினஞ்சு நிமிசம் சொன்னதை வீட்டுல முக்கால் மணி நேரம் உக்காந்தேன். நெத்தில ஆட்டுக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி கனம். எரிச்சல் வேற, சம்சாரம் காபி கொண்டாந்தாக் கூட வள்ளுனு விழுந்தேன். மன்றத்துல சொன்னதும் சொல்லிக் குடுக்கற அம்மா சிரிச்சுக்கிட்டே, "ஏனுங்க, சாந்தி தவம் எதுக்குச் சொல்லிக் குடுத்தோம்?"னாங்க. நெனப்பை நெத்தில இருந்து எறக்கி, முதுகுத்தண்டோட அடில இருக்கற மூலாதாரத்துல வைக்கறதுதான் அது. மேல ஏத்தறதுக்கு வழி வச்சவங்க கீழ எறக்கறதுக்கும் வழி வச்சுத்தான் இருக்காங்க. ஆளு எதிர்ல இருந்தா உங்க மூஞ்சியைப் பாத்து "போதும்"னு சொல்லுவாங்க. யூடியூப்ல பேசறவருக்கு உங்க மூஞ்சி தெரியுமா?

உங்களுக்கு ஏன் படபடங்குதுன்னு எனக்கு ஒரு ரோசனை. தறி ஓடற ஊருல பொறந்தவங்களுக்கு இது தெரியும். ராத்திரி முழுக்கத் தறி 'டக்கடக் டக்கடக்'னு ஓடுனா நல்லாத் தூங்குவோம். கரண்ட் போய் தறி நின்னுச்சுன்னா அந்த நிமிசமே முழிப்பு வந்துரும். தொட்டில்ல கெடக்கற கொழந்தை வரைக்கும் எந்திரிச்சு அழுகும். சத்தத்துக்குப் பழகுன ஒடம்புக்கு அமைதிதான் அபாயம். நீங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் போன், மெயில், செக்கிங்னு ஓடறவங்க. திடுக்குனு 5 மணிக்கு எல்லாத்தையும் ஆஃப் பண்ணுனா உள்ள இருக்கறவ பதறிக்கிட்டு எந்திரிக்கிறா. என்னமோ நின்னுபோச்சு, என்னமோ ஆயிப்போச்சுங்கறா. உங்க மேல தப்பில்லை, தியானத்து மேலயும் தப்பில்லை.

அதனால தறியை ஒரேயடியா நிறுத்தாதீங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டே இருங்க. மூச்சுப் பக்கமே போகாதீங்க, அதுதான் உங்களுக்கு ஆகலையே. வெறுங்காலைத் தரையில வச்சு நின்னுக்கிட்டு வெளிய கேக்கற சத்தத்தை மட்டும் கேளுங்க. மூணு நிமிசம். நாலாவது நிமிசம் ஆசை வந்தாலும் உள்ள போயி அடுப்பைப் பத்த வையுங்க. நெனப்பு ஓடுனா ஓடட்டும். தறில நீளவாக்குல ஓடற பாவுல ரெண்டாயிரத்துச் சொச்சம் இழை இருக்குது, ஒண்ணு அறுகாம ஒரு பொழுதும் போகாது. அறுந்தாத் தறியையா திட்டறோம்? நிறுத்தி, நுனியைத் தேடி, பிணைச்சுட்டுத் திரும்ப ஓட்டறோம். அத்தனைதான் வேலை. அறுந்தது கண்ணுல பட்டாப் போதும்.

இன்னொண்ணு. எனக்குத் தவத்தை விட எச்சாக் கைகொடுத்தது அகத்தாய்வுன்னு ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க, அதுல வர்ற கவலை ஒழித்தல்தான். கவலையெல்லாத்தையும் எழுதி நாலாப் பிரிக்கணும். அனுபவிச்சே தீர வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் பண்ண வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. நூல் கணக்கு எழுதற நோட்டோட பின்பக்கத்துல எழுதுனேன். 23 வந்துச்சு. அண்ணன் பேசறதில்லைங்கறது மொதல் வகை. பொண்ணுக்கு வரன் அமையலைங்கறது ரெண்டாவது; அப்ப அவளுக்கு 22 தான். பேங்குக் கடன் நாலாவது, மறுநாளே போய் மேனேஜரைப் பாத்துத் தவணையை நீட்டிக் கேட்டேன், நீட்டிக் குடுத்தாங்க, அதுக்குத்தான் எட்டு மாசம் தூங்காமக் கெடந்திருக்கேன். கூத்து என்னன்னா, மூணாவது வகைல மட்டும் 11 இருந்துச்சு. எல்லாமே "ஊருல என்ன பேசுவாங்க"தான், வேற வேற வேசத்துல.

---

மஞ்சள்மாநகரம்

ஈரோட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தறிக்கார அண்ணன் கரண்ட் கட்டை வைத்துச் சொன்னதைப் பாடப்புத்தகத்தில் வேறு மொழியில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தளர்வுப் பயிற்சி செய்யும்போதே சிலருக்குப் பதற்றம் ஏறும் என்பதை 1983லேயே ஆய்வுக் கட்டுரையாகப் பதிவு செய்துவிட்டார்கள். நீங்கள் விதிவிலக்கு இல்லை, அம்மா.

பேனிக் உள்ளவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். நெஞ்சு சற்று வேகமாக அடித்தாலே "ஆபத்து" என்று மனம் மொழிபெயர்த்துப் பழகியிருக்கிறது. அந்த நேரத்தில் போய் "மூச்சைக் கவனி" என்றால், கண்காணிப்பு இரட்டிப்பாகிவிடும். நீங்கள் இழுத்து இழுத்து விட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அப்படி அதிகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்துப்போவதும் தலை லேசாவதும் அதனால்தான். பயமாக இருக்கும், ஆனால் அதனால் உயிர் போகாது. பஸ்ஸில் நடந்ததும் அதுவே. இனி அப்படி வந்தால் ஆழமாக இழுக்க முயலாதீர்கள். வெளிவிடுவதை மட்டும் மெதுவாக்குங்கள், சூடான டீயை ஊதுவது போல.

தியானமா மாத்திரையா என்ற சண்டைக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979ல் தொடங்கிய எட்டு வார விழிப்புநிலைப் பயிற்சிதான் இன்று அதிகம் ஆராயப்பட்டது. 2014ல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவது தெரிந்தது; ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022ல் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தப் பயிற்சியையும் மறு பாதிக்கு எஸ்சிடலோப்ராம் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். இதை எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் "மாத்திரை தேவையில்லை" என்று பரப்புகிறார்கள். அந்தத் தியானக்காரர்கள் வாரம் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் பயிற்றுநர் முன்னால் உட்கார்ந்தவர்கள், வீட்டில் தினமும் 45 நிமிடம் செய்தவர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பாதியில் நிறுத்தச் சொல்லி நடத்திய ஆய்வு அல்ல அது. இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எந்த முரணும் கிடையாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சித்தர்வழி அவர்களுக்கு ஒரு வார்த்தை. இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு, பழைய பெரிய அதிர்ச்சி, இவை உள்ள ஒருவரை "அசையாமல் உட்கார், எது வந்தாலும் எழாதே" என்று சொல்லி அனுப்பியதன் விளைவை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள் மௌன முகாம் ஒன்றிலிருந்து ஏழாம் நாள் தூக்கமே இல்லாமல், யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்று வந்து சேர்ந்த பையன் அவன். குணமாகிவிட்டான், ஆனால் ஒரு வருடம் போயிற்று. தெரியாதவர் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் 48 நாள் கணக்குச் சொல்லாதீர்கள்.

அம்மா, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா? இல்லையென்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவை சரியில்லாவிட்டாலும் நெஞ்சு படபடக்கும். காபி எத்தனை தடவை என்றும் யோசியுங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416. டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

---

கட்டிங்மாஸ்டர் மகன்

எல்லாரும் அந்தக்காகிட்டயே "இப்படி நில்லு, அப்படி மூச்சு விடு"ங்கறீங்க. ஒண்ணரை ஷிப்டு வேலை, ராத்திரி பத்து மணிக்கு பையர் போன், 12,000 பீஸுக்கு ஷேடு மாறுனதுக்கு மெர்ச்சண்டைசர் பொறுப்பு. இதை யாரும் பேசலை. நான் இருந்த ஒரு கம்பெனில வருசத்துக்கு ஒரு நாள் மதியம் சோத்து நேரத்துல யோகா கிளாஸ் வச்சாங்க. சோத்து நேரம் போச்சு, அதான் மிச்சம். சாயங்காலம் வழக்கம்போல ஓவர்டைம்.

---

சோமனூர் தறிக்காரன்

தம்பி சொல்றது நாயம். நாலாவது வகைல அதையும் எழுதிக்கங்க அம்மிணி.

---

பனியன்கம்பெனிக்காரி (திருப்பூர்)

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ஷிப்மென்ட் நேரம்.

மாத்திரையை நிறுத்தலைங்க. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், "கண்ணைத் தொறந்துக்கிட்டே பண்ணுங்க, நல்லதுதான்"னாரு. தைராய்டு சரியா இருக்குது. ஹீமோகுளோபின் 8.9. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு. காபியை எண்ணிப் பாத்தேன், ஆறு. இப்ப ரெண்டு.

மொட்டை மாடிக்குப் போயி வெறுங்காலோட நின்னு சத்தம் கேக்கறேன். மொதல் நாள் ஒண்ணுமே கேக்கலை, என்ற நெஞ்சுதான் கேட்டுச்சு. மூணாம் நாள் பால்காரரோட வண்டி, பக்கத்து வீட்டு மோட்டார், எங்கயோ ஒரு சேவல், தூரத்துல ஒரு நிட்டிங் யூனிட்டோட இரைச்சல். அது ராத்திரியும் பகலும் ஓடிட்டே இருக்குது, பதினொரு வருசமா இங்க குடியிருக்கேன், அன்னைக்குத்தான் முதல்ல கேக்கற மாதிரி இருந்துச்சு. நல்லதண்ணி விடற அன்னைக்கு மட்டும் தியானம் கெடையாது, கொடம் வரிசைதான். பத்து நாள்ல ஒரு நாள் படபடப்பு வந்துச்சு. ஓடலை. டீயை ஊதற மாதிரி ஊதிக்கிட்டே ஏழு நிமிசம் நின்னேன், போயிருச்சு.

கட்டிங் மாஸ்டர் மகன் தம்பி, உங்களுக்கு ஒண்ணு. ராத்திரி 9 மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன்னு மேனேஜர்கிட்டச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. நான் எடுக்கறதில்லை.

நோட்டும் எழுதுனேனுங்க அண்ணா. 31 வந்துச்சு, அதுல 14 பையர் மெயிலு. எழுதிட்டு இருக்கறப்ப மாமியார் எட்டிப் பாத்து "என்ன அம்மிணி, சீட்டுக் கணக்கா?"ன்னாங்க. சொன்னேன். செத்த நேரம் சும்மா நின்னுட்டு, "என்றதையும் எழுது"ன்னாங்க. முழங்கால் வலி, சின்ன மாமனார் காட்டுத் தகராறு, நான் மாத்திரையை நிறுத்த மாட்டேங்கறது. இந்த மூணாவதை எந்த வகைல போடறதுன்னு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம். கடைசில அவங்களே "மூணாவதுல போடு"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

முழங்கால் வலி எதுல வருமுங்க அண்ணா? அனுபவிச்சே தீர வேண்டியதுன்னு எழுதச் சொல்றாங்க.

---

சோமனூர் தறிக்காரன்

அது நாலாவதுங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. பஸ்ஸுல ஜன்னல் சீட்டை அவங்களுக்குக் குடுத்துருங்க.